மூன்றாம் சரணத்துக்கு முன் ஓர் இருமல்

ரூவி ஹை ஸ்ட்ரீட்டில்
செருப்புக் கடைக்கும் பணம் அனுப்பும் கடைக்கும் நடுவில்
நௌஃபலின் கடை.
அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டுத்தான் ஏறினேன்.
மிச்சம் இருபத்தோரு ரியால், கொஞ்சம் பைசா.

எட்டு ஹெட்போனை எடுத்து வைத்தான்.
எல்லாம் கறுப்பு. ஒன்று மட்டும்
பல் டாக்டர் நாற்காலியின் பச்சை.

என் தலை பெரியது, அதை முதலிலேயே சொன்னேன்.
பிளான்டில் எனக்கு மட்டும் ஹெல்மெட்
தனியாக எழுதிக் கேட்டு வாங்கியது.
முதலாவது பொட்டில் அறைந்து உட்கார்ந்தது.
இரண்டாவது, கண்ணாடிக் காம்பை எலும்புக்குள் இறக்கியது.
மூன்றாவதன் தோல் மெத்தை ஆகஸ்டைத் தாண்டாது.
எங்கள் ரூம் சோபாவும் அதே தோல்தான்,
எழுந்தவன் முதுகோடு உரிந்து வந்தது.
நான்காவது துணி மெத்தை.
காது முழுசாக உள்ளே போய்
எந்தச் சுவரையும் தொடாமல் நின்றது.

"பாட்டு வெக்கட்டே அண்ணா? நல்ல பேஸ் உண்டு."
பேஸ் வேண்டாம் நௌஃபல்.
ருஸைலில் பன்னிரண்டு மணி நேரம்
கம்ப்ரஸர் எனக்குக் கொடுப்பது அதுதான்.

என் பாட்டு போனிலேயே இருக்கிறது. பழைய பதிவு.
மூன்றாம் சரணத்துக்கு முன்
வயலின்காரர்களில் யாரோ ஒருவர் இருமுவார்.
சின்ன இருமல், வாயைப் பொத்திக்கொண்டு.
சலாலா போன கார் ஒன்றில் ஒரே ஒரு தடவை கேட்டது.
அப்புறம் எந்த ஒயரிலும் அவர் வரவில்லை.

சரணம் முடிந்து, தபேலா ஓய்ந்து,
இதோ
இடது பக்கம், கொஞ்சம் பின்னால்,
அந்த மனுஷர்.
நௌஃபல் என் முகத்தைப் பார்த்தான்.
விலையைக் குறைப்பதை நிறுத்திவிட்டான்.

பதினெட்டரை ரியால்.
ரூபாயாக்கிப் பார்க்கக் கூடாது என்று
பெருக்கி முடித்த பிறகு நினைத்துக்கொண்டேன்.

ஹம்ரியா ரூமில் ஆறு கட்டில்.
அன்றைக்கு நான்கு பேர் நைட் ஷிஃப்ட்.
நானும் சவரியப்பனும்,
ஜன்னலில் பதினாறு வருஷத்து ஏ.சி.யும்.
ரூமில் ஏழாவது ஆள் அது, வாடகை தராத ஆள்.

பித்தானை அமுக்கினேன்.
ஏ.சி. போனது.
குளிர் இருக்கிறது, ஏ.சி. இல்லை.
ஃபிரிட்ஜ் போனது. கீழே உறுமிக்கொண்டு நின்ற
தண்ணீர் லாரியும் போனது.
பாட்டுப் போடவில்லை.
பதினெட்டரை ரியாலுக்குச் சும்மா கிடந்தேன்.

ஒன்றை நௌஃபல் சொல்லவில்லை:
இது உறுமலைத்தான் அழிக்கும், பேச்சை விட்டுவிடும்.
ஏ.சி.க்கு அடியில் இத்தனை வருஷம்
முணுமுணுப்பாகக் கிடந்ததெல்லாம்
வெள்ளம் வடிந்த வாதியில் கற்கள் மாதிரி
ஒவ்வொன்றாகத் தலை காட்டியது.

காதை மூடியவன் கேட்க மாட்டான் என்று
சவரியப்பன் குரலைத் தணிக்கவே இல்லை.
"தனி ரூம்தான் பிரிசில்லா.
ஆமா, ஒத்தக் கட்டில், கம்பெனி குடுத்தது.
இங்க யாரு இருக்கா,
நானும் ஏ.சி.யும்."
கல்யாணம் டிசம்பரில்.

அவனுக்கு நாலடி எதிரே
அந்தத் தனி ரூமில் இல்லாத ஆளாக
மல்லாந்து கிடக்கிறேன்.

அப்போது பார்த்துத் தொண்டையில் அது ஏறியது.
ருஸைல் தூசி. ராத்திரியில்தான் வரும்.
எழுந்து போகலாம், கட்டில் கிரீச்சிடும்.
ஹெட்போனைக் கழற்றலாம்,
கேட்டுக்கொண்டிருந்தேன் என்று ஆகிவிடும்.
உள்ளங்கையால் வாயை அழுத்திக்கொண்டு
அந்த வயலின்காரரை நினைத்தேன்.
இரண்டு சரணம் அடக்கியிருக்கிறார்.
மூன்றாவதற்குத்தான் முடியவில்லை.

அவள் விடுவதாக இல்லை.
சுவர் என்ன நிறம், ஜன்னல் எந்தப் பக்கம்
எல்லாம் கேட்கிறாள் போலிருக்கிறது.
"பெட்ஷீட்டா?" என்கிறான்.
சுற்றிப் பார்க்கிறான்.
"நீலம். வெள்ளைக் கோடு போட்டது."

அது என்னுடையது.