இருபத்து மூன்றாவது வேலை

காதர்பேட்டையில் எங்கள் பட்டன் கடைக்கு மேலே ஓர் அறை.
மேற்குச் சுவரில் நீலத் திரை.
அதற்குப் பின்னால், கொச்சியிலிருந்து மாமனார்
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்த தோராச் சுருள்.

சாயப்பட்டறைக் கெமிஸ்ட் அவ்ராம், பம்பாய்க்காரர்.
ஓவர்லாக் மாங்கின், மணிப்பூர்; அவன் தம்பிமார் நாலு பேர்.
என் வீட்டுக்காரர், கொழுந்தன்,
பதின்மூன்று முடிந்த என் மகன்.
எண்ணினால் ஒன்பது.
என்னையும் எண்ணினால் பத்து.
எண்ணுவதில்லை.

அவ்ராமின் மராத்தி மாங்கினுக்கு ஏறாது.
மாங்கினின் பேச்சு எங்களுக்கு எட்டாது.
எபிரேயம் எல்லோருக்கும் கொஞ்சம் தடுக்கும்.
மிச்சமிருப்பது கம்பெனித் தமிழ்.
அதனால் சனி மத்தியானம்,
நேற்று வைத்த குழம்பும் சோறும் ஆனபின்
ஓய்வு நாளில் ஆகாத முப்பத்தொன்பது வேலைகளை
நான்தான் சொல்லிக்கொண்டு போவேன்.

உழவு, விதைப்பு, அறுப்பு என்று முதல் பதினொன்று
தாராபுரத்துப் பக்கச் சமாச்சாரம்.
தலையாட்டிவிட்டுத் தாண்டிவிடலாம்.
பன்னிரண்டில் எங்கள் ஊர் வந்துவிடும்.
கத்தரித்தல். வெளுத்தல். சிக்கெடுத்தல்.
பதினைந்து, சாயம் தோய்த்தல்:
அவ்ராம் தன் நகங்களைப் பார்க்கிறார். இன்னும் கருநீலம்.
நூற்றல், நெய்தல், முடிச்சிடல், அவிழ்த்தல்.
இருபத்து மூன்று, தைத்தல்.
ஜன்னலுக்கு வெளியே தெருவே
இதே பட்டியலைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறது.

"எத்தன தையல் போட்டா வேலைங்க்கா?"
"ரெண்டு."
"அப்ப ஒண்ணு?"
"ஒண்ணு நிக்காது, பிரிஞ்சிரும்."
மாங்கின் யோசித்தான்.
"என் மெஷின் நிமிசத்துக்கு ஐயாயிரமுங்க்கா."
பென்சில் தொடக் கூடாது; மகன் மனசுக்குள் வகுத்தான்.
வினாடிக்கு எண்பத்து மூன்று.
அப்படியானால் இரண்டுக்கு?
அவ்வளவு சின்ன நேரத்துக்கு
எங்கள் ஒருத்தர் மொழியிலும் பேர் இல்லை.
பெஞ்சுக்கு அடியில் மாங்கினின் வலது கால்
தன்பாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருந்தது.
தம்பி ஒருத்தன் அவன் முழங்காலில் கை வைத்தான்.
நின்றது.
கொஞ்ச நேரம்.

சனிக்கிழமை பொழுது இறங்கினால் திருப்பூருக்குச் சம்பளம்.
காண்ட்ராக்டர் சென்னியப்பன் படியேறி வந்தார்.
பதினொரு தடவை கூப்பிட்டாராம்.
போன் அனுப்பர்பாளையத்தில், தலையணைக்கு அடியில்.

"அஞ்சு நாள் காசு. இன்னிக்கி கழிச்சாச்சு. கையெழுத்துப் போடு."
நீட்டிய கவர் நீட்டினபடியே நின்றது.
"வாங்கக் கூடாதுங்ண்ணா. எழுதவும் கூடாது,
ரெண்டு எழுத்துச் சேந்தா வேலை."
"மா-ன்னு ஒரே எழுத்துப் போட்டுட்டுப் போயேன்."
அவ்ராம் நிமிர்ந்தார். மகன் வாயைப் பொத்திக்கொண்டான்.
அந்தக் கேள்வியை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைத்தோம்.

"பொறவு எப்பத்தான் வாங்குவே?"
"மூணு வெள்ளி வரோணுமுங்க."
"மூணு வாரமா! வெள்ளி நேத்துத்தானப்பா போச்சு?"
நான் மேலே கை காட்டினேன்.

மொட்டை மாடி. நிட்டிங் கம்பெனி விளக்குகள்,
பாய்லர் புகை, கல்யாண மண்டபத்துச் சீரியல் பல்பு.
இதற்கு நடுவே வானம் என்று ஒன்று.
கவரைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு அவரும் அண்ணாந்தார்.
"ஒண்ணு."
வெகுநேரம் கழித்து, வாட்டர் டேங்குக்கு மேலே,
"ரெண்டு."
மூன்றாவதாக அவர் காட்டியது நகர்ந்தது.
பீளமேட்டில் இறங்கப் போகும் விமானம்.
"அதச் சேத்திக்கப்படாதுங்களா?"
"படாதுங்க."
"இன்னும் பதினெட்டுப் பேத்துக்குக் குடுக்கோணும்" என்றபடி
பீடியை எடுத்தார்.
எங்களைப் பார்த்தார்.
பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டு
கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்.