இரண்டு சதம், ஐந்து சதம்

தருமபுரத்தில் டயர் கடைக்குப் பின்னால் என் வாடகை அறை.
சன்னல் கம்பியில் செருகினால்தான் போனுக்கு சிக்னல்.
கையில் எடுத்தால் மேசை உறைந்துவிடும்.
ஆகவே நின்றுகொண்டே விளையாடுகிறேன்,
நேர்த்திக்கு வந்தவன் மாதிரி.

ஒரு சதம் இரண்டு சத மேசையில் ஏழு மாதம்.
அங்கே பொய் எடுபடாது.
என்ன போட்டாலும் காசைப் போட்டுப் பார்த்தே தீருவார்கள்.
நல்ல சீட்டு வரும்வரை
கவிழ், கவிழ், கவிழ்.
பத்தில் எட்டைப் பார்த்தவுடன் கவிழ்த்தேன்.

முந்நூற்றிநாலு அடித்து வளர்ந்த கை இது.
அதில் ஜாக்குக்கும் ஒன்பதுக்கும் கீழேதான் ஆசு.
அந்தப் பழக்கத்தில் முதல் கிழமை
ஜாக்கும் ஒன்பதும் கண்டு நெஞ்சு குதித்து
நாலு டொலர் போனது.
மறப்பதுதான் முதல் பாடமாக இருந்தது.

பகலில் நுண்கடன் வசூல்.
புன்னைநீராவி, விசுவமடு, உடையார்கட்டு,
கிரவல் தூசியைக் குடித்தபடி ஹொண்டாவில்.
செவ்வாய் என்றால் நாய்களுக்கும் என்னைத் தெரியும்.
"அம்மா இல்லை" என்று சொல்கிற பிள்ளையின் கண்
கிணற்றடிப் பக்கம் ஒருதரம் போய் வரும்.
சில நாள் சைக்கிளைத் திருப்பிவிடுவேன்.
சில நாள் திருப்ப மாட்டேன்.

போனில் முகம் இல்லை, நேரம்தான்.
சட்டென்று போட்டால் ஒன்று,
இழுத்துப் போட்டால் வேறொன்று,
"நாளைக்குக் கட்டாயம் தம்பி" என்பதற்கு முன்
தயாநிதியக்கா விடுகிற மூச்சைப் போல.

ஆர் வென்றாலும் நடுவில் குவிந்த காசில்
மேசைக்காரன் தன் பங்கை வழித்துக்கொள்வான்.
இதை எனக்கு யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

வசூல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் என் சட்டம்:
முப்பது மேசைக்குக் காசு சேர்ந்தால் மேலே.
இருபதுக்கு இறங்கினால் கீழே.
ஆவணியில் இரண்டு சதம் ஐந்து சதம்.
குளம் வான் பாய்ந்த மார்கழிக் கிழமை
ஐந்து சதம் பத்துச் சதம்.
அங்கே ஆட்களுக்குக் கவிழ்க்கத் தெரியும்.
அங்கேதான் முதன்முறை என் பொய் ஒன்று எடுபட்டது.
சந்தோசம். கொஞ்சம் பயமும்.

மாசியில் ஓர் இரவு, கையில் இரண்டு ராசா.
எதிரே 'கடல்நண்டு88', எந்த ஊரோ.
நாலாம் சீட்டுவரை நான்தான் முன்னுக்கு,
உள்ளதெல்லாம் தள்ளினேன். அவனும் தள்ளினான்.
கடைசிச் சீட்டுக்கு ஆறு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
எங்கள் நெத்தலியாறு கோடையில் வெறும் மணல்.
அன்றைக்கு வந்தது ஒரு சின்ன நாலு,
அவனுக்கு அது போதும்.

நான் போட்டது சரி. கணக்கும் சரி.
அதற்குப் பிறகு விடியும்வரை போட்ட பத்தும் சரியில்லை.
அதைக் கொப்பியில் எழுதவில்லை.

வெளியே, காலம் தப்பி, மழை.

செவ்வாய்க்கிழமை தயாநிதியக்கா ஒளிக்கவில்லை.
படலையிலேயே நின்றா.
காலடியில் பிடுங்கிய கச்சான் குவியல்,
கோதுக்குள்ளேயே முளைத்து, வெள்ளை நுனியோடு.
"எல்லாம் சரியாத்தான் செய்தனான் தம்பி.
விதை சரி, பசளை சரி. பிடுங்கிற கிழமைதான்..."
இந்தமுறை முன்னால் மூச்சு இல்லை.

அவவின் பத்துக்கும் ஒரு கொப்பி இருக்குமோ,
எழுதாமல் விட்ட பக்கம் இருக்குமோ என்று நினைத்தேன்.
கேட்கவில்லை.

மனேச்சருக்கு அங்கிருந்தே எடுத்தேன்.
"வீட்டில ஆளில்லை சேர்."
சட்டென்று சொன்னேன்.
மறுமுனையில் அவர் கொஞ்சம் நேரம் எடுத்தார்.
பிறகு, "சரி, அடுத்த செவ்வாய் ரெண்டு கட்டு" என்றார்.
நம்பினாரா, கவிழ்த்தாரா, தெரியவில்லை.
அக்கா ஒரு கைப்பிடிக் கச்சானை
ஹொண்டாப் பெட்டிக்குள் போட்டா. வேண்டாம் என்றும் சொல்லவில்லை நான்.

இரவு, சன்னல் கம்பி.
இரண்டு சதம் ஐந்து சத மேசைக்கு இறங்கினேன்.
கச்சான் கோது காலடியில்.
ஏழும் இரண்டும் வந்தது.
கவிழ்த்தேன்.
ஒன்பதும் ஜாக்கும் வந்தது.
கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்று
கவிழ்த்தேன்.