வந்த காரணம்

படிவத்தில் ஏழாவது கட்டம்:
இந்த ஊருக்கு வந்த காரணம்.
வேலை, கல்யாணம், படிப்பு, பிற.

ஆசாரிபள்ளத்தில் ஒற்றை அறை.
தங்கலீலா சொன்னாள்:
வாரம் மூணு டயாலிசிஸ் அவருக்கு.
பேச்சிப்பாறை பஸ்ஸுல திரும்பையில
ஒருநாள் கண்டக்டர் மடியிலேயே சாஞ்சுட்டாரு.
பிற.

மாடி பூட்டியிருந்தது. ஓனர் குவைத்.
வீட்டுக்கு எண் உண்டு, தலைக்கு இல்லை.

வள்ளவிளை அல்போன்சாள்
என் பேனாவையே பார்த்தாள்.
கடலு ஏறி வந்துது டீச்சர்,
நாங்க எறங்கி வந்தோம்.
பிற.

பார்வதிபுரம் பாலத்தருகே ஒடியாக்காரன்
பதினொன்று என்று விரல் காட்டினான்.
இரண்டு ஷிஃப்ட், ஆறு பாய்.
வேலை.
அப்பாடா, ஒன்றாவது பொருந்தியது.

குளம் தூர்த்த மனைகளுக்கு அப்பால்
வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார் ஏசுவடியான்.
எங்கிருந்து வந்தீங்க?
நான் எங்கே வந்தேன்!
போன வருசம் பஞ்சாயத்து ரசீது,
இந்த வருசம் மாநகராட்சி ரசீது.
நின்ன எடத்துலயே டவுன்காரனாயிட்டேன்,
தீர்வை மட்டும் நடந்து போவுது.

இரவில் கூட்டிப் பார்த்தேன்.
'பிற' இரண்டாம் தாளுக்கு வழிந்திருந்தது.

என் வீட்டுப் படிவம் மட்டும் காலி.
மகளின் நீட் கோச்சிங்குக்காக வந்தோம்.
அவள் சென்னைக்குப் போய் மூன்று வருடம்.
தக்கலைக்குத் திரும்பாததற்கு
எந்தக் கட்டம்?