முன்சில்லின் விலை

விலை கேட்டான் தவரூபன்.
முன்சில்லின் விலையைச் சொன்னேன்.
முழுச் சைக்கிளுக்கும் அதுதான் என்று
அவனாக விளங்கிக்கொண்டான்.
ஆயிரத்துத் தொளாயிரமோ, கூடத்தான் என்றான்.
ஓம், கூடத்தான் என்றேன்.

தெரிவுசெய்ய ஒன்பது மாதம் போனது.
ஆஸ்பத்திரி இரவு வேலையில்
கத்தரிகளும் கவ்விகளும் அவிந்து ஆறும் இடைவெளிகளில்
பல்சக்கரங்களின் பற்களை எண்ணினேன்.
குளியலறைச் சுவரில் பென்சிலால்
என் காலின் உள்நீளத்தைக் குறித்தேன்.
(அந்தக் கோடு இன்னும் அழியவில்லை.)

விளிம்பைக் கவ்வும் பழைய பிரேக்கா,
தட்டைக் கவ்வும் டிஸ்க் பிரேக்கா?
கடைக்கார டங்கன் அரை மணி நேரம் வாதாடினான்:
இத்தாலியச் சைக்கிளுக்கு விளிம்புதான் அழகு,
தட்டுப் பூட்டினால் பட்டுவேட்டிக்குக் கம்பூட்ஸ் போட்ட மாதிரி
என்ற பொருள்பட ஏதோ சொன்னான்.
நான் அவனுக்குப் போன செப்டெம்பரைச் சொன்னேன்.
மழை. ஏரியை நோக்கி விழும் பிரிம்லி வீதி.
இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்தேன்,
பழைய சைக்கிள் யோசித்தது.
அது யோசித்து முடித்தபோது
தரிப்பிடத்து வாத்துகளெல்லாம் வானத்தில் நின்றன.
எனக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும் நடுவில்
ஒரேயொரு குப்பைத்தொட்டி.

டங்கன் டிஸ்க் என்று எழுதிக்கொண்டான்.

பெப்ரவரியில் பெட்டி வந்தது.
படத்தில் கருமுகில் நிறம் என்றிருந்த ஃபிரேம்
பேஸ்மென்ட் குழல்விளக்கின் கீழே
நாவற்பழம் தின்ற நாக்கின் நிறமாயிருந்தது.
தூக்கிப் பார்த்தேன்.
இரண்டு இறாத்தல் பாண், அவ்வளவுதான்.

இத்தாலியப் புரிக்கு ஒரு குணம்:
இரு பக்கமும் ஒரே திசைக்குத்தான் இறுகும்.
அதனால் வலப்பக்கம்
மிதிக்க மிதிக்கக் கழரப் பார்க்கும்.
கிறீஸ் பூசி, முழு உடம்பையும் சாய்த்து இறுக்கினேன்.
ஹாண்டில்பாருக்கு மட்டும் ஐந்து நியூட்டன்மீட்டர்.
'டிக்' என்றது திருகி.
அதற்குமேல் காபனுக்குப் பொறுமை இல்லை.

பிரேக் குழாய் ஃபிரேமுக்குள் தொலைந்தது.
நாற்பது நிமிடம் காந்தத்தை வைத்துத் துழாவினேன்.
அப்போதுதான் அவன் கீழே இறங்கி வந்தான்,
கையில் டோர்ச், வாயில் பாதி ரோல்ஸ்.
"அந்தா, தலை தெரியுது."

பிறகு எண்ணெய்.
மேலே ஒரு ஊசிக்குழல், கீழே ஒன்று.
நான் தள்ள அவன் இழுத்தான்,
அவன் தள்ள நான் இழுத்தேன்.
கடுகளவு காற்று உள்ளே நின்றாலும் லீவர் பஞ்சாகிவிடும்.
குமிழி ஒவ்வொன்றாய் ஏறி வந்தது.
சின்னது, அதைவிடச் சின்னது,
இனி இல்லை என்று நினைத்தபின் இன்னொன்று.
"எல்லாம் வெளியில வந்திட்டுதோ?" என்றான்.
ஓம் என்று சொல்ல வாயெடுத்து
லீவரை அமத்திப் பார்த்தேன்.

நடுச்சாமத்திலும் உரசல் நிற்கவில்லை.
சில்லு சுற்றும்போதெல்லாம் ஸிங், ஸிங்,
ஒரே இடத்தில், கடதாசி தடிப்பில்.
இரண்டு ஆணியையும் தளர்த்தி,
பிரேக்கைப் பிடித்தபடியே
மெல்ல மெல்ல மாறி மாறி இறுக்கினேன்.
விட்டேன். சுற்றினேன்.
பக்கத்து அறையில் ஃபேர்னஸ் மூச்சுவிடுவது கேட்டது.

அவன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினான்,
தன்னைக் கழித்தான்.
ஏழு கிலோ இருநூறு.
"கிலோ இருநூற்றி அறுபத்துச் சொச்சம்.
விளைமீன் எவ்வளவோ மேல்."

ஏப்ரல், முதல் சனி. பிரிம்லி வீதியில்
உப்புக்கறை இன்னும் வெள்ளை.
பாதி இறக்கத்தில் ஒரு விரலால் தொட்டேன்,
நின்றது. கேள்வி கேட்காமல் நின்றது.
வாத்துகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடிவாரத்தில் ஒரு காலை ஊன்றி
அவனுக்குப் போன் எடுத்து
பின்சில்லின் விலையைச் சொன்னேன்.

மற்றப்பக்கம் சத்தமில்லை.
கேத்தல் மட்டும் கொதித்து ஓய்ந்தது.
"பிரேக் பிடிச்சதோ?"
பிடிச்சது.
"அப்ப மிச்சத்தை ஏறி வந்து சொல்லு."

ஏற்றம் செங்குத்து.
ஃபிரேமின் விலை இன்னும் இருந்தது.