வினை அட்டவணையில் ஒரு வரி

கல்லடிப் பாலத்துக்கு இங்கால
டயர்க்கடை மாடியில் சனி பின்னேரம் வகுப்பு.
ஒரே காசில் மூன்று பாடம்:
இலக்கணம், மேடைப்பேச்சு, சிறுகதைக்கு அடிப்படை.
மூன்றாவதை யாரும் கேட்கவில்லை.
மிஸ் பஸ்மியாவுக்கு அது விருப்பம்.
இருபத்துமூன்று வயது,
எங்களில் பாதிப்பேருக்குக் கடைசித் தங்கச்சி மாதிரி.

நான் வந்தது வேறு தேவைக்கு.
வாவியில் வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு போய்
கொக்கும் நீர்க்காகமும் காட்டுகிற படகுக்கு
ஆள் எடுக்கிறார்களாம். நேர்முகம் இங்கிலீசில்.
சவள் வலிக்கத் தெரியும். பறவையும் தெரியும்.
பறவைக்கு முன்னால் 'அ' வருமா 'த' வருமா,
அதுதான் தெரியாது.

பக்கத்தில் குலேந்திரன்.
அவனும் அதே படகுக்குத்தான்.
முதல்நாள் நான் பேனை கொண்டுபோகவில்லை.
பேசாமல் ஒன்றைத் தள்ளிவிட்டான்,
மூடி கடிபட்ட நீலப் பேனை.

நாலாம் கிழமை செயப்பாட்டு வினை.
செய்தவன் யாரென்று தெரியாவிட்டால்,
அல்லது சொல்ல விருப்பமில்லாவிட்டால்,
அவனை விட்டுவிடலாம் என்றாள் மிஸ்.
வசனம் விழாது.
கண்ணாடி உடைக்கப்பட்டது. கடிதம் எழுதப்பட்டது.
நான் கொப்பியில் எழுதினேன்:
த நெட் வொஸ் கட்.
சரி போட்டாள். பக்கத்தில் ஒரு நட்சத்திரமும்.

அன்றிரவு வினை அட்டவணை பாடமாக்கினேன்.
கோ, வென்ட், கோன். ஈட், ஏட், ஈட்டன்.
எல்லாம் காலத்தோடு உருமாறுகிறது
இறால் ஓடு கழற்றுவதுபோல.
கட் மட்டும் கட், கட், கட்.
அறுக்கிறதும் அதுதான், அறுத்ததும் அதுதான்,
அறுபட்டுக் கிடக்கிறதும் அதுதான்.
மகன் கேட்டான்:
என்னப்பா அந்த வரியிலேயே நிக்கிறீங்க, மறுகா என்ன வருது?

சிறுகதைப் பாடத்தில் மிஸ் சொன்னது
கொஞ்சம்தான் விளங்கியது.
மழையில் தொடங்காதீர்கள்.
நடந்ததற்குக் கிட்டவாகத் தொடங்குங்கள்.
ஒருவனுக்கு என்ன வேணும், குறுக்கே என்ன நிற்கிறது.
எனக்கு வேண்டியிருந்தது இறால் ஏறுகிற ஒரு ஓடை.
குறுக்கே நின்றது அவன் வலை.
கத்தி, என்னுடையதுதான்.

மேடைப்பேச்சு, ஆளுக்கு மூன்று நிமிடம்.
தாதி ஹஸ்மியா ஊசி போடுவது எப்படி என்று பேசினாள்,
எல்லாரும் தோளைத் தடவிக்கொண்டோம்.
மில்லில் கணக்கெழுதும் ருக்ஷன்
லேடீஸ் அன்ட் ஜென்டில்மென் என்றான்,
அதையே நாலுதரம் சொன்னான், இருந்துவிட்டான்.
என் முறை.
படகைப் பற்றித்தான் எழுதிவைத்திருந்தேன்.
தாள் கையில் ஈரமாகிவிட்டது.
கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்கிறார்கள்.
அந்தச் சத்தம் நின்ற இடத்தில்
ஐ என்று தொடங்கிற்று என் வாய்.
ஐ கட் த நெட்.
குலேந்திரன்ஸ் நெட்.
ஐ கட்.

தமிழில் என்றால் வந்திராது.
தமிழில் அந்த வசனத்துக்குள் அம்மா இருக்கிறாள்,
கோயில் இருக்கிறது, துறையில் பத்துப்பேர் நிற்கிறார்கள்.
இங்கிலீசில் அது நாலு சொல்.

மிஸ்ஸுக்கு ஒன்றும் தெரியாது.
கையைத் தட்டிவிட்டுத் திருத்தினாள்:
நேரச்சொல் போடவில்லை நீங்கள்.
கட் என்றால் எப்போது? தினமுமா, நேற்றா?
கேட்கிறவருக்கு எப்படித் தெரியும்?

வாங்கிலிருந்து குலேந்திரன் எழும்பினான்.
ஓகஸ்ட், என்றான். டூ தவுசண்ட் நைன்டீன்.
ஃபிரைடே நைட்.
இருந்தான்.

ஐந்து வருசம்
அதை நேரச்சொல்லோடு வைத்திருந்தவனின் பேனையால்
நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

படியிறங்கும்போது அவன் முன்னால், நான் பின்னால்.
வலை என்ன விலை என்று கேட்க நினைத்தேன்.
இரண்டு மொழியிலும் வசனம் இருந்தது,
இரண்டும் வரவில்லை.
பாலத்தில் விளக்குப் போட்டுவிட்டார்கள்.
மோட்டர்சைக்கிளை உதைத்தான், பிடிக்கவில்லை.
திரும்ப உதைத்தான்.
பேனை, என்றான்.
வினை இல்லாத வசனம்.
சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
நீயும் கடிச்சிருக்காய், என்றான்.