விற்காத எட்டு அந்தர்

கும்புறுப்பிட்டி மணலிடம்
தண்ணீர் எங்கே போனதென்று கேட்கக் கூடாது.
காலையில் இறைத்தால் பின்னேரம்
எப்போது தந்தாய் என்று நிற்கும்.
கால் ஏக்கர். ஒரு கிணறு. வாடகைப் பம்ப்.
மண்ணெண்ணெயை லீற்றர் லீற்றராய் எழுதிவைத்தேன்,
மகளின் பழைய கொப்பியில்:
அவள் பிரித்தல் பிழைவிட்ட பக்கங்களுக்குப் பின்னால்
என் கூட்டல் தொடங்குகிறது.

ஆவணியில் கிண்டினோம். இருபத்தெட்டு அந்தர்.
தம்புள்ளை லொறி படலையடியில் நின்றது,
எஞ்சினை நிறுத்தாமல்.
கிலோ தொண்ணூறு.
மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு,
மண்ணுக்கு ஒன்று, சருகுக்கு ஒன்று.
என் மண்தான்.
அது ஏறிப்போவதற்கும் நான்தான் காசு கட்டுகிறேன்.

ஏன் கிண்டிய அன்றே விற்கிறோம் என்றால்
புதன்கிழமை என்று ஒன்று இருக்கிறது.
புதன் பத்து மணிக்கு
சனசமூக நிலையத்துச் சீமெந்துத் தரையில்
ஐந்து பேர் வரிசையாக இருக்க வேண்டும்:
நான், ரிஸ்மியா, சிவரஞ்சிதம், பவளக்கொடி,
இறக்கக்கண்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஜெசிந்தா.
தலைக்கு ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.
ஒருத்தி தவறினால்
மற்ற நாலு பேரும் எழும்ப ஏலாது.
பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் எழும்ப ஏலாது.
கூட்டுப் பிணை என்று அச்சடித்திருந்தது.
ஐந்து கையெழுத்து, ஒரு கயிறு.

"இந்தக் கயித்தில வெங்காயத்தைக் கட்டித் தூக்குவமே"
என்றாள் ரிஸ்மியா.
பகிடிக்குத்தான் சொன்னாள்.
சிரித்து முடிந்த பிறகும் யாரும் எழும்பவில்லை.
கொப்பியை விரித்தோம்.
ஒரு புதன் அவளுடைய ஆட்டுக்குட்டி,
அடுத்த புதன் பவளக்கொடி வீட்டு மேசன் கூலி,
அதற்கடுத்தது நான் விற்ற இருபது அந்தரிலிருந்து.
யாருடைய முறையோ
அவள் ஐவருக்கும் கட்டினாள்.
மிச்ச எட்டு அந்தரை லொறிக்குக் காட்டவேயில்லை.

காட்டுத்தடியில் கொட்டில்.
பிடி பிடியாய்க் கட்டித் தொங்கவிட்டோம்.
கச்சான் காற்று காசு கேட்காமல் காயவைத்தது.
இரவில் சருகு உரசும்.
யாரோ நோட்டு எண்ணுவதுபோல இருக்கென்று
இவர் படுத்தபடி சொன்னார்.
எனக்கு எலி என்று பட்டது.
எலிதான்.

ஐப்பசியில் ஒரு வெள்ளை வாகனம்.
கதவில் வறுமைக் குறைப்பு என்று எழுதியிருந்தது.
ஒரு பிடியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள்.
"அக்கா, கொஞ்சம் சிரியுங்கோ."
குறைப்பு. லொறிக்காரனும் அதைத்தான் செய்கிறான்.
ஆனால் கடைசியாக ஏறிய பிள்ளை திரும்பி வந்து,
கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்து விடுங்கோ,
புழுக்கம் வெளியேறட்டும் என்றாள்.
அது சரியான சொல்.
அவள் பெயரைக் கேட்க மறந்துபோனேன்.

மாரி தொடங்கியது.
சிவரஞ்சிதத்தின் தகரத்தில் இரண்டு ஆணித்துளை.
போதும்.
கறுத்து, கசிந்து, வாசலிலேயே நாறியது அவள் பங்கு.
ஆற்றுக்கட்டுவரை கடகம் கடகமாய்க் கொண்டுபோய்க் கொட்டினாள்,
எங்களை உதவ விடவில்லை.

கார்த்திகைக் கடைசியில் லொறி திரும்பி வந்தது.
இம்முறை எஞ்சினை நிறுத்தினான்.
இருநூற்று நாற்பது.

நானூறு கிலோவில்
அழுகலும் வற்றலும் எழுபது.
விதைக்கு நூற்றியிருபது, தொடவில்லை.
இருநூற்றுப்பத்து கிலோ விற்று
ஐம்பதாயிரத்து நானூறு.
பதினொரு தவணையும் ஒன்றாய்க் கட்ட, மிச்சம் முப்பதாயிரத்து ஐம்பது.
சிவரஞ்சிதத்தின் இரண்டு புதன் என் பொறுப்பு.
கழித்தேன்.
இருபத்தாறாயிரத்து முந்நூற்று ஐம்பது.
மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன்.
மகளும் ஒருதரம் பார்த்தாள்,
இம்முறை பிழைவிடவில்லை.

தவணைக்காரத் தம்பி ரசீது கிழித்துத் தந்துவிட்டு
பையிலிருந்து புதுப் படிவம் எடுத்தான்.
"நீங்கள் நல்ல வாடிக்கையாளர், அக்கா.
இப்ப உங்களுக்கு ரெண்டு லட்சம் தரலாம்."
"இருங்கோ தம்பி" என்றேன்,
"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."
படிவம் கதிரையிலேயே கிடந்தது.
மழைச் சாரல் அதில் விழ விழ
நான் எடுத்து வைக்கவில்லை.

கொட்டிலில் விதை வெங்காயம் ஒன்று
அவசரப்பட்டுப் பச்சை நீட்டியிருக்கிறது.
அதைக் கிள்ளிச் சம்பலுக்குப் போட்டேன்.
சித்திரைக்கு இன்னும் நாள் கிடக்கு.