மீதி முப்பத்தைந்து

விற்றவன் சொன்னது ஐந்நூற்றுப் பத்து.
காகிதத்திலும் அதுவே அச்சாகியிருந்தது.
காகிதத்தில் எதிர்க்காற்று கிடையாது,
மார்ச் மாதம் கிடையாது,
பின்சீட்டில் நாற்பது கிலோ அல்மாத்தி ஆப்பிள் கிடையாது.

கரகாந்தாவில் தம்பி ஜுமாகான்
புதுவீடு வாங்கியிருந்தான். ஆயிரம் கிலோமீட்டர்.
"பொம்மை வண்டியிலா வருகிறீர்கள்?
போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றான் போனில்.
ஓரால்பெக் காதில் விழாதது போல் இருந்தார்.
பெட்ரோல் காரை விற்ற நாளிலிருந்தே
இருவருக்கும் பேச்சு கொஞ்சம்.

நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள்.
'ஒரு வண்டி மணிக்கு இத்தனை வேகத்தில் சென்றால்' என்று
இருபது வருடமாய்க் கரும்பலகையில் எழுதுகிறவள்.
அன்றுதான் அந்த வண்டிக்குள் உட்கார்ந்தேன்.

ஓடியது அறுபது கிலோமீட்டர்.
திரையில் குறைந்தது தொண்ணூற்றைந்து.
மீதி முப்பத்தைந்தை எங்கே தொலைத்தோம்?
கண்ணாடியை இறக்கினேன்.
ஸ்டெப்பியின் காற்று வாயிலேயே அறைந்தது.
ஏற்றிவிட்டேன். விடை கிடைத்துவிட்டது.

ஹீட்டரை அணைத்தார்.
என் கால்விரல்கள் ஒவ்வொன்றாய் விடைபெற்றன.
நடுவில் ஒரு தடவை சார்ஜ் போட்டு,
வெங்காய லாரி ஒன்றின் முதுகுக்குப் பின்னால்
காற்றுக்கு ஒளிந்துகொண்டே போனோம்.
அதன் பின்கதவுத் தூசியில்
யாரோ விரலால் எழுதியிருந்தார்கள்:
'ஸவுலே, மன்னித்துவிடு.'
ஒன்றரை மணி நேரம் அதையே படித்தேன்.
அவள் மன்னித்தாளோ என்னவோ,
லாரி இடப்பக்கம் மண்சாலையில் இறங்கிப் போய்விட்டது.
காற்று மறுபடி எங்களைக் கண்டுபிடித்தது.

சாலையோடு கூடவே நடந்து வந்தன
உயர் அழுத்தக் கோபுரங்கள்.
ஒரு நகரம் முழுக்க விளக்கெரிக்கும் மின்சாரம்
தலைக்கு மேலே ரீங்கரித்தபடி
வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது.
இரண்டு ஒட்டகங்கள் கம்பி நிழலில் நின்று
எதையோ மென்றுகொண்டிருந்தன.
அவற்றுக்கு அவசரமில்லை.

வலப்பக்கம் பல்காஷ் ஏரி, பாதி இன்னும் பனிக்கட்டி.
சார்ஜர் இருந்தது.
அதன் வாயில் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது.
பதினொரு சதவீதம்.
அடுத்தது நூற்று நாற்பது கிலோமீட்டர்.
புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
இந்தக் கணக்குக்கு விடை போட்டிருக்க மாட்டார்கள்.

எதிரே மீன்கடை. பீபிகுல் என்று பெயர்,
காலில் ஆண்பிள்ளை பூட்ஸ்.
"பிளக் தருகிறேன். ஆனால் அதில் ஃப்ரீசர் ஓடுகிறது.
இரண்டும் சேர்ந்தால் ஃப்யூஸ் போய்விடும்."
மூவரும் ஃப்ரீசரைப் பார்த்தோம்.
மூடி சரியாக மூடாத பழைய ஃப்ரீசர்,
பக்கத்திலேயே அடுப்பு.
"மீனை வெளியே வைத்தால்?" என்றேன்.
"நாய்கள்" என்றாள்.

அன்றைக்கு முதல்முறையாக ஓரால்பெக் வாய் திறந்தார்:
"கார் இருக்கிறதே."

ஆமாம். காலையிலிருந்து ஹீட்டர் போடாத கார்.
ஆப்பிள்கள் கடைக்குள் வந்தன.
பதினெட்டு கிலோ சுடாக்கும் கெண்டையும்
எங்கள் சீட்டில் ஏறி உட்கார்ந்தன.
மீனுக்குக் குளிர் காரிடமிருந்து,
காருக்கு மின்சாரம் மீனின் பங்கிலிருந்து.
யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்:
ஒரு மணிக்கு மூன்று சதவீதம், சில சமயம் நான்கு.
பதினொரு மணி நேரம்.
அடுப்படியில் பால் டீயோடு படுத்தோம்.
பீபிகுல் குறட்டை விட்டாள்.
அவர் ஜன்னலுக்கும் பாய்க்குமாய் நடந்தார்.

விடிந்ததும் அவள் காசு வாங்கவில்லை.
ஆப்பிளை மட்டும் முகர்ந்து பார்த்து
ஒரு பெட்டியை நிறுத்திக்கொண்டாள்.
அந்த எடையும் குறைந்தது என்று
நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

கரகாந்தா சேர்ந்தபோது மறுநாள் இருட்டிவிட்டது.
ஜுமாகான் கதவைத் திறந்து தலையை நீட்டினான்.
எத்தனை கிலோமீட்டர் போகும் என்று கேட்பான்,
பதிலை வழியெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.
"சுடாக்கா?" என்றான்.
"ஆமாம்."
"எங்கே?"
"இல்லை."
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.
பிறகு மேலே ஓடினான்.

மூன்றாம் மாடிச் சமையலறை ஜன்னல் திறந்தது.
ஆரஞ்சு நிற வயர் ஒன்று
சுவரில் தட்டித் தட்டி இறங்கி வந்தது.
ஓரால்பெக் இரு கைகளையும் உயர்த்தி நின்றார்.

ஒரு முழம் போதவில்லை.